மையும் மறைப்பும்: வீட்டு அச்சுப்பொறி பற்றிய ஒரு விவாதம்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு. நூற்றிருபது பக்கங்களில் எழுபது பக்கங்கள் அச்சாகிவிட்டன. எழுபத்தோராம் பக்கத்தில் பொறி நின்றுவிடுகின்றது. மஞ்சள் மை முடிந்துவிட்டதென்றும், புதிய மைப்பெட்டியை இட்டாலன்றி மேற்கொண்டு அச்சிட முடியாதென்றும் அதன் சிறு திரை அறிவிக்கின்றது. ஆய்வேட்டில் மஞ்சள் நிறம் ஓரிடத்திலுமில்லை. படமில்லை, வரைபடமில்லை, வெள்ளைக் கடதாசியிற் கறுப்பெழுத்துக்கள் மாத்திரமே உள்ளன. கறுப்பு மைப்பெட்டியோ பாதிக்கு மேல் நிறைந்திருக்கின்றது. இருந்தும் பொறி அசைய மறுக்கின்றது.

இவ்வனுபவம் இக்கட்டுரையாளனுக்கு நேர்ந்தது. இதனை வாசிப்போரிற் பலருக்கும் இதுபோன்ற ஓர் இரவு நினைவுக்கு வரக்கூடும். மறுநாட் காலையிற் கடையொன்றுக்கு ஓடி, பக்கமொன்றுக்கு இவ்வளவு எனக் கொடுத்து மிகுதியை அச்சிட்டுக்கொண்டதோடு அவ்விரவின் துன்பம் தீர்ந்தது. ஆனால் அது எழுப்பிய வினா தீரவில்லை: கறுப்பெழுத்துக்கு மஞ்சள் மை எதற்கு?

இவ்வினாவை எழுப்பும்போது வழமையாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. 'அது அப்படித்தான், பொறியின் நுட்பம் நமக்கெதற்கு?' என்பது ஒன்று. 'எல்லாம் கொம்பனிக்காரரின் கள்ளவேலை' என்பது மற்றொன்று. முதலாவது பணிவின் குரல். இரண்டாவது கோபத்தின் குரல். ஆயினும் இரண்டும் வந்து சேருமிடம் ஒன்றே. பொறிக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை அறிய முயலாதிருத்தலே அது. பணிந்தவன் அறிய வேண்டியதில்லை என்கிறான். கோபித்தவன் தான் ஏற்கெனவே அறிந்துவிட்டதாக எண்ணுகின்றான். இக்கட்டுரை இவ்விருவருக்கும் எதிராக எழுதப்படுகின்றது.

வண்ண மையை நாம் மீண்டும் மீண்டும் வாங்க நேர்வதற்கு மூன்று வேறுபட்ட காரணங்கள் உள. ஒன்று, நிறத்தின் இயல்பைச் சார்ந்தது, அது நியாயமானது. மற்றொன்று, பொறியின் பராமரிப்பைச் சார்ந்தது. அது அவசியமானது, ஆயின் அதன் கணக்கு நம்மிடமிருந்து மறைக்கப்படுகின்றது. மூன்றாவது, விற்றவன் விற்ற பின்னரும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சார்ந்தது, அதற்கு நியாயமேதுமில்லை. இம்மூன்றையும் பிரிக்கவியலாத ஒன்றாகக் காட்டுவதிலேயே இவ்வணிகத்தின் பலம் தங்கியுள்ளது. இவற்றைப் பிரித்தறிதல் நமது முதற்கடமையாகும்.

1. கறுப்பு என்பது யாது?

முதலிற் பொறியை விளங்கிக்கொள்வோம். இங்க்ஜெட் எனப்படும் மைபீச்சு அச்சுப்பொறி, மயிரினும் நுண்ணிய முனைகளினூடாக மைத்துளிகளைக் கடதாசிமீது எறிகின்றது. துளியை எறிவதற்கு இருவழிகள் உண்டு. முதலாவது வழியில், முனைக்குப் பின்னாலுள்ள சிறு வெப்பத்தகடு கணப்பொழுதிற் சூடேறி மையின் ஒரு பகுதியை ஆவியாக்க, அவ்வாவிக்குமிழி துளியொன்றை வெளியே தள்ளுகின்றது. 1977ஆம் ஆண்டில் யப்பானியக் கனன் நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றில், சூடான பற்றாசுக்கோல் ஊசிக்குழாயொன்றிற் பட்டபோது அதிலிருந்த மை தெறித்ததைக் கண்டு இவ்வழி உதித்ததென்பர். ஏறக்குறைய அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஹியூலெட்-பக்காட் நிறுவனமும் இதனைத் தனியாகக் கண்டறிந்து, 1984ஆம் ஆண்டில் 'திங்க்ஜெட்' என்னும் பொறியை விற்பனைக்கு விட்டது. இரண்டாவது வழி எப்சன் நிறுவனம் கைக்கொண்டது. மின்னழுத்தம் பட்டதும் வடிவம் மாறும் படிகமொன்று அங்கே மையை அழுத்தித் தள்ளுகின்றது. வெப்பம் அங்கு வேண்டப்படுவதில்லை.

இத்துளிகள் நான்கு நிறத்தன: சயன் எனப்படும் பசுநீலம், மஜென்டா எனப்படும் செவ்வூதா, மஞ்சள், கறுப்பு. முதல் மூன்றும் வெள்ளொளியின் ஒவ்வொரு பகுதியை விழுங்குகின்றன. மூன்றையும் ஒன்றன்மேலொன்றாக இட்டால் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுக் கறுப்புத் தோன்றவேண்டும். இது கொள்கை. நடைமுறையில் எந்த மையும் பூரணமானதன்று. ஆதலால் மூன்றும் கலந்து தருவது சேற்றுநிறம் படிந்த ஒரு மங்கற் கறுப்பே. இவ்வுண்மையை 1991ஆம் ஆண்டில் வெளிவந்த 'டெஸ்க்ஜெட் 500சி' பொறியை வாங்கியோர் கண்கூடாகக் கண்டனர். அதில் மைப்பெட்டிக்கு ஓரிடம் மாத்திரமே இருந்தது. கறுப்புப் பெட்டியை இட்டால் நல்ல கறுப்பெழுத்துக் கிடைக்கும். நிறம் வேண்டின் அதனைக் கழற்றிவிட்டு மூவண்ணப் பெட்டியை இடவேண்டும். அப்போது எழுத்துக்களும் மூவண்ணக் கலவையிலேயே உருவாகும். அடுத்த ஆண்டில் வந்த '550சி' இரண்டு பெட்டிகளையும் ஒருங்கே ஏற்றது. அன்று தொடங்கிற்று இன்றைய நிலைமை. பொறிக்குட் கறுப்பைப் பெற இருவழிகள் உள்ளன; எவ்வழியைக் கைக்கொள்வதென்று தீர்மானிப்பது பெரும்பாலும் பொறியின் மென்பொருளேயன்றி நாமல்லோம்.

மென்பொருள் வண்ணவழியைத் தேர்வதற்கு நேர்மையான காரணங்கள் சில உள. அவற்றை மறுப்பது அறியாமையாகும்.

முதலாவது, சாம்பல் நிறம். கறுப்புத் துளிகளை ஐதாகத் தெளித்தே மெல்லிய சாம்பலை உண்டாக்கவேண்டும். அவ்வாறு செய்யின் புள்ளிகள் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். மனித முகமொன்றின் கன்னம் மணல் தூவியதுபோலத் தோன்றும். வெளிறிய வண்ணத்துளிகளைக் கலந்தால் அச்சாம்பல் மென்மையாக அமைகின்றது. 

இரண்டாவது, கடதாசி. பல வீட்டுப் பொறிகளிற் கறுப்பு மை நிறமியாலானது. வண்ண மைகள் சாயத்தாலானவை. நிறமி என்பது நீரிற் கரையாத நுண்துகள். அது சாதாரணக் கடதாசியின் மேற்பரப்பிலேயே தங்குவதால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக அமையும். அதே நிறமி, புகைப்படத்துக்குரிய பளபளப்பான கடதாசியிற் சரியாகப் பற்றாது. ஆகவே புகைப்படக் கடதாசி எனப் பொறிக்குச் சொல்லப்பட்டால், அது நிறமிக் கறுப்பை ஒதுக்கிவிட்டு வண்ணச் சாயங்களைக் கொண்டே கறுப்பை ஆக்கும். அல்லது சாயக் கறுப்பெனத் தனியாக வேறொரு பெட்டியை வைத்திருக்கும். 

மூன்றாவது, நாம் கறுப்பென்று கருதும் எழுத்து உண்மையிற் கறுப்பன்று. இணையத்திலிருந்து இறக்கப்படும் கட்டுரைகள் பலவற்றின் எழுத்து, கண்ணுக்கு இதமாயிருக்கும் பொருட்டு அடர்சாம்பலில் அமைக்கப்பட்டிருக்கும். கண் அதனைக் கறுப்பென்று கொள்ளும். பொறி அதனைக் கறுப்பல்லாத ஒரு நிறமென்று கொண்டு நான்கு மைகளையும் கலக்கும்.

இவ்விடத்து ஒரு வதந்தியையும் களைந்துவிடல் வேண்டும். பொறி இரகசியமான மஞ்சட் புள்ளிகளை ஒவ்வொரு பக்கத்திலும் பதிக்கின்றதென்றும், மஞ்சள் மை முடிவதற்கு அதுவே காரணமென்றும் சொல்லப்படுவதுண்டு. அத்தகைய அடையாளப் புள்ளிகள் உண்மையே. 2005ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மின்னணு எல்லைப்புற நிறுவகம் அவற்றின் குறியீட்டை வாசித்து வெளியிட்டது. ஆனால் அவ்வாராய்ச்சி வண்ண லேசர்ப் பொறிகளைப் பற்றியது. அதனை வீட்டு மைபீச்சுப் பொறிமீது ஏற்றிச் சொல்வது வாதத்தைப் பலப்படுத்தாது. பொய்க் குற்றச்சாட்டொன்றைச் சுமத்துவோன் மெய்க் குற்றச்சாட்டைக் கேட்பாரில்லாமற் செய்துவிடுகின்றான்.

ஆக, முதலாவது காரணத்தில் நமக்குக் கொம்பனியோடு பெருவழக்கில்லை. இருக்கும் ஒரே வழக்குத் தெரிவு பற்றியது. எச்.பி. பொறிகள் பலவற்றின் இயக்கி மென்பொருளில், சாம்பலில் அச்சிடுக என்பதன் கீழ் இரண்டு தெரிவுகள் உண்டு: ஒன்று உயர்தரச் சாம்பல்; மற்றது கறுப்பு மை மாத்திரம். முன்னையது எல்லா மைகளையும் பயன்படுத்தும். பின்னையது கறுப்பை மட்டுமே பயன்படுத்தும். 'நிறம் வேண்டாம்' என்றோம், ஆகவே நிறமை செலவாகாது என்று நம்பியிருப்போர் இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாட்டை அறியார். இத்தெரிவே இல்லாத பொறிகளும் உள்ளன. தெரிவு இருப்பின் அது முகப்பிலே, வெளிப்படையான சொற்களில் இருக்கவேண்டும். அடுக்கடுக்கான பட்டியல்களுக்குள்ளே புதைந்துகிடக்கும் தெரிவு இல்லாத தெரிவுக்கே சமம்.

2. அச்சாகாத மை

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். ஒரு பக்கத்திலேனும் நிறம் அச்சிடாத வீட்டிலும் வண்ண மை குறைந்துகொண்டே போகின்றது. எங்கே போகின்றது?

முனைகள் மிக நுண்ணியவை. அவற்றில் நிற்கும் மை காற்றுப்பட்டுக் காய்ந்தால் அடைபட்டுவிடும். ஆகவே பொறி இயங்கத் தொடங்கும்போதும், நீண்டநாள் ஓய்ந்திருந்த பின்னரும், சில சமயம் அச்சிடலின் இடையிலும் தன்னைத்தானே சுத்தஞ்செய்கின்றது. சுத்தஞ்செய்தல் என்பது மையை முனைகளினூடாகத் துப்புதல். அல்லது இரப்பர் மூடியொன்றை முனைகளிற் பொருத்திச் சிறு பம்பியினால் உறிஞ்சுதல். பல பொறிகளில் ஒரே மூடி பல நிறங்களின் முனைகளையும் சேர்த்து மூடுகின்றது. கறுப்பு முனை அடைபட்டாலும், உறிஞ்சுதல் அனைத்து நிறங்களுக்கும் பொதுவாகின்றது. இவ்வாறு உறிஞ்சப்பட்ட மை பொறியின் அடியிலுள்ள பஞ்சொன்றிற் சேர்கின்றது.

இதன் அவசியத்தை எவரும் மறுக்கவியலாது. நாம் மறுப்பது இதன் இரகசியத்தையே. 2013ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வோர் ஆய்விதழான 'கன்சியூமர் றிப்போர்ட்ஸ்', பொறிகளைத் தொடர்ச்சியாக அன்றி, வீடுகளில் நிகழ்வது போல விட்டுவிட்டு இயக்கிப் பரிசோதித்தது. பொறிகள் பலவற்றில் மையின் பாதியோ அதனினுங் குறைந்த பங்கோதான் கடதாசியைச் சென்றடைந்ததென அது கண்டது. ஏனையது சுத்தஞ்செய்தலிற் கழிந்தது.

இவ்வுண்மை மைப்பெட்டியின் உறையில் இல்லை. உறையில் இருப்பது வேறோர் எண்: இத்தனை பக்கங்கள் அச்சிடலாம் என்னும் எண். வண்ணப் பெட்டிகளைப் பொறுத்தவரை அவ்வெண் சர்வதேச நியமமொன்றின்படி பெறப்படுகின்றது. ஐஎஸ்ஓ 24711 என்பது அதன் பெயர். ஐந்து பக்கங்களைக் கொண்ட மாதிரித் தொகுதியொன்றைத் தொடர்ச்சியாக, பெட்டி வெறுமையாகும்வரை அச்சிட்டு அவ்வெண்ணைக் கணிக்கின்றனர். நியமம் பொய்யன்று. பொறிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவுகின்றது. ஆனால் வாரத்துக்கு மூன்று பக்கம் அச்சிடும் வீட்டில் எவரும் ஐந்து பக்கங்களை இடைவிடாது ஆயிரந்தடவை அச்சிடுவதில்லை. தொடர்ந்து ஓடும் பொறிக்கு முனைகள் காய அவகாசமில்லை. ஆகவே அங்கு சுத்தஞ்செய்தற் செலவும் சொற்பமே. நியமம் அளப்பது தொழிற்சாலையின் பயன்பாட்டை, விற்கப்படுவதோ வீட்டுக்கு.

இதிலிருந்து பிறக்கும் சமூக உண்மையொன்று மனங்கொள்ளத்தக்கது. கூடுதலாக அச்சிடுவோன் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைவாகச் செலவிடுகின்றான். குறைவாக அச்சிடுவோன் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதலாகச் செலவிடுகின்றான். காசில்லாமையால் அச்சிடாது பொறியை ஓய வைத்திருக்கும் மாணவனே மையை அதிகம் விரயஞ்செய்பவனாகின்றான். அவன் சிக்கனமாயிருக்க முயலுந்தோறும் அவனது மை கடதாசிக்குப் போகாது பஞ்சுக்குப் போகின்றது. சிக்கனத்துக்கே தண்டம் விதிக்கும் இவ்வேற்பாட்டை நாம் பல்லாண்டுகளாக இயற்கையின் விதியென ஏற்றுக்கொண்டிருக்கின்றோம்.

பஞ்சின் கதையும் இதனோடு சேர்ந்ததே. துப்பப்பட்ட மையைப் பொறி தனக்குள் எண்ணிக்கொள்கின்றது. எண்ணிக்கை வரம்பை எட்டியதும், பஞ்சு நிரம்பிவிட்டதென அறிவித்துப் பொறி நின்றுவிடுகின்றது. பொறியின் ஏனைய உறுப்புகள் நலமாயிருப்பினும், பஞ்சை மாற்றி எண்ணியைப் பூச்சியமாக்கினாலன்றி அது இயங்காது. பிரான்சில் திட்டமிட்ட பழுதாக்கல் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குற்றமாக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டு நுகர்வோர் இயக்கமொன்று எப்சன் உள்ளிட்ட அச்சுப்பொறி நிறுவனங்கள்மீது இச்சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்தபோது, மைப்பெட்டியும் பஞ்சும் அம்முறைப்பாட்டில் இடம்பெற்றன. நிறுவனங்கள் குற்றமிழைத்தனவா என்பதன்று இங்கு நமது வினா. பொறி தான் துப்பிய மையைத் துல்லியமாக எண்ணிவைத்திருக்கின்றது என்பதே நமக்கு வேண்டிய உண்மை. எண்ணும் ஆற்றல் உண்டு. நமக்குக் காட்டும் மனம் இல்லை. பொறியை நிறுத்துவதற்குப் பயன்படும் அதே எண், பொறியை வாங்கியவனுக்குக் கணக்குச் சொல்வதற்குப் பயன்படாதிருப்பது ஏன்?

3. மறுக்கும் பொறி

ஆய்வேட்டு இரவின் வினா இப்போதும் எஞ்சியிருக்கின்றது. மஞ்சள் எவ்வாறு முடிந்ததென்பது விளங்கிவிட்டது. மஞ்சள் முடிந்தால் கறுப்பு ஏன் நிற்கவேண்டும்?

இதற்குப் பொறியியலாளர் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. அச்சுத்தலை பொறியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட அமைப்புகளில், மையற்ற முனைகளினுள் காற்றுப் புகுந்தால் தலை பழுதடையலாம்; வெப்பத்தாற் துளி எறியும் தலையில் மையே குளிர்விப்பானாகவும் தொழிற்படுவதால், வறண்ட முனையை இயக்குவது அதனைக் கருக்கிவிடலாம். இது உண்மையே. ஆனால் இவ்வுண்மை வறண்ட மஞ்சள் முனையை இயக்கலாகாது என்பதை மாத்திரமே நிறுவுகின்றது; நிறைந்த கறுப்பு முனையை இயக்கலாகாதென்பதை நிறுவவில்லை. தலையும் பெட்டியும் ஒன்றாயமைந்த எச்.பி. பொறிகள் பலவற்றில், தீர்ந்த பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சிய பெட்டியால் அச்சிடும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. அவ்வமைப்பிற் செய்யக்கூடியதை ஏனைய அமைப்புகளிற் குறைந்தபட்சம் சில பக்கங்களுக்கேனும், எச்சரிக்கையோடேனும் அனுமதிக்க இயலாதா? 

பொறியியற் சமாதானம் முற்றாகத் தகர்ந்துபோகும் இடமும் உண்டு. அச்சிடல், பிரதியெடுத்தல், வருடல் ஆகிய பணிகளை ஒருங்கே செய்யும் பொறிகளில், மை தீர்ந்ததும் வருடற் பணியும் நிறுத்தப்படுகின்றதென 2021ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் கனன் நிறுவனத்துக்கெதிராக வழக்கொன்று தொடுக்கப்பட்டது. கடதாசியிலுள்ளதைப் படமாக்கிக் கணினிக்கு அனுப்பும் செயலில் ஒரு துளி மையும் செலவாவதில்லை. மையில்லாமையால் வருடமுடியாது என்பது, எண்ணெய் தீர்ந்தமையால் வண்டியின் கதவைத் திறக்கமுடியாது என்பதற்கொப்பானது.

இங்கிருந்துதான் மூன்றாவது காரணம் தொடங்குகின்றது. மைப்பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய மின்னணுச் சிப், மையின் அளவைக் கணிக்க உதவுகின்றதென்பர். அது செய்யும் இன்னொரு பணி பெட்டி யாருடையதென்பதைச் சோதிப்பது. 2016 செப்டெம்பர் 13 அன்று, பல நாடுகளில் எச்.பி. நிறுவனத்தின் 'ஒஃபிஸ்ஜெட்' பொறிகள் பிறர் தயாரித்த மைப்பெட்டிகளைத் திடீரென ஏற்க மறுத்தன. முந்திய நாள்வரை இயங்கியவை அவை. பொறியின் உள்மென்பொருளில் முன்கூட்டியே இடப்பட்டிருந்த கட்டளையொன்று அன்று விழித்துக்கொண்டது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் அம்மாத இறுதியில் வருத்தந் தெரிவித்து, அத்தடையை நீக்கும் மென்பொருளைத் தருவதாக அறிவித்தது. எனினும் அக்கொள்கையை அது கைவிடவில்லை. 2020 டிசெம்பரில் இத்தாலியின் போட்டி அதிகாரசபை, பிறர் பெட்டிகள்மீதான கட்டுப்பாட்டை வாங்குவோருக்குச் சரிவர அறிவிக்காமை முதலிய குற்றங்களுக்காக அதே நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது.

சிப் எவ்வளவு தூரம் இன்றியமையாதது என்பதைப் பின்னர் நிகழ்ந்த ஒரு வேடிக்கை உணர்த்திற்று. உலகெங்கும் சிப்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கனன் நிறுவனம் தனது அலுவலகப் பொறிகளுக்கான டோனர்த் தூள்பெட்டிகளைச் சிப் இன்றியே அனுப்பநேர்ந்தது. பொறி அவற்றைப் போலியென எச்சரிக்க, எச்சரிக்கையைத் தாண்டி அச்சிடும் வழியை நிறுவனமே வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தது. தூளின் அளவைச் சரியாகக் காட்டாதேயன்றி அச்சிடலுக்குக் குறைவில்லையென்றும் கூறிற்று. அவை லேசர்ப் பொறிகளாயினும் நியாயம் ஒன்றே. வேலிக்குக் கம்பி கிடைக்காத காலத்தில், வேலியின்றியும் பயிர் விளையும் என்பதை வேலி கட்டியவனே ஒப்புக்கொண்டான்.

இதற்குக் கொம்பனிகள் கூறும் மறுமொழியை நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். பொறியைக் குறைந்த விலைக்கு, சில வேளை நட்டத்துக்கும், விற்கின்றோம். மையின் விற்பனையாலேயே அதனை ஈடுசெய்கின்றோம். பிறர் மையை வாங்குவோர் இவ்வேற்பாட்டைக் குலைக்கின்றனர் என்பது அவர்தம் வாதம். 2024 ஜனவரியில் எச்.பி. நிறுவனத்தின் தலைவர் என்றிக்கே லோறஸ் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் இதனை ஒளிக்காது கூறினார். பொறி வாங்கும் ஒவ்வொருவரும் தமது நிறுவனத்தின் முதலீடென்றும், அவர் போதியளவு அச்சிடாவிட்டாலோ தமது மையை வாங்காவிட்டாலோ அம்முதலீடு நட்டமென்றும் அவர் கருத்துரைத்தார்.

இவ்வெளிப்படைத்தன்மைக்கு நாம் நன்றி கூறவேண்டும். ஏனெனில் நாம் பொறியை வாங்கியதாக எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் வாங்கப்பட்டவர் நாமென்பது இப்போது தெளிவாகின்றது. மலிவான பொறி ஒரு கடன் என்றால், அக்கடனின் தொகையும் வட்டியும் தவணையும் விற்பனையின்போதே எழுத்தில் தரப்படல் வேண்டும். கடன்பத்திரத்தைக் காட்டாமற் கடன் அறவிடுதல் எந்தச் சந்தையிலும் நாணயமாகக் கொள்ளப்படுவதில்லை. 2017ஆம் ஆண்டில் லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் டோனர்ப் பெட்டிகள் பற்றிய வழக்கில், ஒரு பொருளை விற்றதோடு அதன்மீதான ஆக்கவுரிமை தீர்ந்துபோகின்றதென்றும், விற்றபின் அதனைக்கொண்டு வாங்கியவனைக் கட்டுப்படுத்தவியலாதென்றும் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தாற் செய்யவியலாது போனதைச் சிப்பினாற் செய்ய முயல்வதே இன்றைய போக்கு. மாதச்சந்தா முறையில் இது உச்சத்தை அடைகின்றது. 2013ஆம் ஆண்டில் எச்.பி. தொடங்கிய அம்முறையில், சந்தா நின்றதும் பெட்டிக்குள் மை இருப்பினும் அது பயன்படாது.

4. கையும் அறிவும்

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தது புலம்புவதற்காகவன்று. இத்துறையில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம், புலம்பாதோரின் கையால் நிகழ்ந்தது. ஆசிய நாடுகள் பலவற்றிற் சிறுகடைக்காரரும் வீட்டுப் பாவனையாளரும் மைப்பெட்டியைத் துளைத்து, மெல்லிய குழாய்களைப் பொருத்தி, பொறியின் பக்கத்தில் வைத்த போத்தல்களிலிருந்து மையை ஓடவிட்டனர். நிறுவனங்கள் இதனை எதிர்த்தன. உத்தரவாதம் இரத்தாகுமென எச்சரித்தன. ஆயினும் 2010ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம், போத்தலிலிருந்து மை ஊற்றி நிரப்பும் தாங்கிகளைக் கொண்ட பொறியைத் தானே தயாரித்து இந்தோனீசியாவில் முதன்முதலாக விற்கத் தொடங்கிற்று. அத்தகைய பொறி ஐக்கிய அமெரிக்காவை அடைந்தது 2015ஆம் ஆண்டில். இன்று நமது வீடுகளிலும் கடைகளிலும் காணப்படும் தாங்கிப் பொறிகளின் தோற்றக்கதை இதுவே. தென்கிழக்காசியாவின் சிறுகடைகளில் மைக்கறை படிந்த விரல்கள் நடாத்திய வாதத்தை எந்த ஆய்வுகூடமும் மறுக்க முடியவில்லை.

தாங்கிப் பொறியும் முழுவிடையன்று. அதிலும் முனைகள் காயும். அதிலும் சுத்தஞ்செய்தல் உண்டு. அதிலும் பஞ்சு உண்டு. மை மலிந்ததால் விரயம் மறைந்துவிடவில்லை, நோகாத விரயமாகிவிட்டது. ஆகவே அறிதலின் தேவை தீரவில்லை.

அறிந்தோர் உடனடியாகச் செய்யத்தக்கவை சில உண்டு. எழுத்து மாத்திரமுள்ள பக்கத்தை அச்சிடுமுன் இயக்கி மென்பொருளிற் 'கறுப்பு மை மாத்திரம்' என்னும் தெரிவு உண்டாவெனத் தேடல் வேண்டும். கடதாசி வகையைச் சாதாரணக் கடதாசியென்றே குறித்தல் வேண்டும். சாம்பலெழுத்தை முழுக்கறுப்பாக்கிய பின்னரே அச்சிடல் வேண்டும். பொறியைச் சுவரிலுள்ள ஆளியால் நிறுத்தாது அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்தினால், தலை தன் மூடியிற் சென்று ஒடுங்கும். முனைகள் காய்வது குறையும். வாரத்துக்கொரு பக்கமேனும் அச்சிடுவது நீண்ட ஓய்வுக்குப் பின்னான பெருஞ்சுத்தத்தைத் தவிர்க்கக்கூடும். எழுத்தையன்றி வேறொன்றும் அச்சிடாதோருக்குக் காயும் மையே இல்லாத கறுப்பு லேசர்ப் பொறி பொருத்தமானதா என்பதும் சிந்திக்கத்தக்கது.

ஆனால் தனிமனித சாமர்த்தியத்தோடு இவ்வாதம் முடிந்துவிடலாகாது. கோரப்படவேண்டியவை மூன்று. கடதாசிக்குச் சென்ற மை இவ்வளவு, பஞ்சுக்குச் சென்ற மை இவ்வளவு என்னும் கணக்கைப் பொறி தன் திரையிற் காட்டவேண்டும். எந்த நிறம் தீர்ந்தாலும் எஞ்சிய கறுப்பால் அச்சிடவும், மையே இல்லாதபோதும் வருடவும் பொறி இடந்தரவேண்டும். வாங்கிய பெட்டியில் எந்த மையை நிரப்புவதென்பதை வாங்கியவனே தீர்மானிக்கவேண்டும். இவற்றுள் ஒன்றேனும் புதிய கண்டுபிடிப்பை வேண்டிநிற்பதன்று.

பல்கலைக்கழகத்தவராகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பொன்றுண்டு. முன்னாளில் மாணவர் மன்றங்களின் பிரசுரங்கள் றோணியோவில் உருவான காலத்தில், ஸ்டென்சில் வெட்டியவனே மையைப் பிதுக்கி உருளையிற் பூசினான். எவ்வளவு மை எங்கே போகின்றதென்பது அவன் கைக்குத் தெரியும்; அவன் சட்டைக்கும் தெரியும். அப்பொறி மீண்டும் வரவேண்டுமென இங்கு வாதிடப்படவில்லை. அவ்வறிவு மீண்டும் வரவேண்டுமென்பதே வாதம். உழைப்பவன் தன் கருவியிலிருந்து அந்நியப்படுதலைப் பற்றிக் கருத்தரங்குகளில் மணிக்கணக்காகப் பேசுகின்றோம். அப்பேச்சின் பிரதியை அச்சிட்ட பொறி நம் கட்டளையை மறுத்தபோது, அதனை நமது கைராசியின் குறையென்று கருதி மௌனமாகப் புதிய பெட்டியை வாங்கிவருகின்றோம். கலைப்பீடத்தினர் இது விஞ்ஞானமென்று ஒதுங்குகின்றனர். விஞ்ஞானபீடத்தினர் இது வணிகமென்று ஒதுங்குகின்றனர். இருசாராரும் ஒதுங்கிய இடைவெளியிலேயே விற்பனையாளன் தன் அதிகாரத்தைக் கட்டியெழுப்பினான்.

ஆய்வேட்டுக்குப் பின்னர் சில மாதங்களில் அப்பொறி மீண்டும் நின்றுவிட்டது. இம்முறை நிரம்பியது பஞ்சு. நண்பரொருவரின் துணையோடு அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பக்கத்திலேனும் அச்சாகாத மஞ்சளும் நீலமும் செவ்வூதாவும் அப்பஞ்சில் ஒன்றாக ஊறி, அப்பொறி அதுவரை அச்சிட்ட எந்த எழுத்திலும் பார்க்கக் கருமையாய்க் கிடந்தன. காசு கொடுத்து வாங்கிய மை எங்கே போயிற்று என்ற வினாவுக்கு விடை அங்கே இருந்தது. அவ்விடையைக் காண நாம் ஆறு திருகாணிகளைக் கழற்ற நேர்ந்தது. அது பொறியின் முகத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியதாகும்.